உம்மாவின் சீனியும் எங்கள் வீடும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கிறபோது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். சொந்த இடம் மன்னார், வளர்ந்தது புத்தளம், நியமனம் கிடைத்து வந்தது இரணைமடு. எங்களோடு உம்மாவும் இருக்கிறா. உம்மாவுக்குச் சீனி வருத்தம் கண்டுபிடித்து இந்த வருடத்தோடு பத்தொன்பது வருடம். பாடசாலையிலும் கடையிலும் பஸ்ஸிலும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன ரீச்சர், உம்மாவுக்குச் சீனி மாறிட்டுதோ?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். நாங்கள் சொல்லும் பதில்: மாறவில்லை. ஆனால் உம்மா நன்றாக இருக்கிறா. கண் தெரிகிறது, கால் இரண்டும் இருக்கின்றன, சிறுநீரகம் வேலை செய்கிறது. வருத்தம் மாறாமலே ஆள் நன்றாக இருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர், "ரிப்போர்ட் நல்லா வந்திட்டுது, இனி ஏன் குளிசை" என்று தாங்களாகவே மருந்தை நிப்பாட்டினார்கள். ஒருவருக்கு ஒரு கண் மங்கிவிட்டது. மற்றவர் வயல் செய்கிற ஐயா. அவருக்கு வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

முதலில் இந்த வருத்தம் என்ன என்று பார்ப்போம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எங்களுக்குப் பெரிய படமெல்லாம் தேவைப்படவில்லை. குளம் இருக்கிறது. 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த இரணைமடுக் குளத்தைத் தெரியாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. கனகராயன் ஆற்றுத் தண்ணீர் குளத்தில் சேர்கிறது. துருசைத் திறந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. துருசு இறுகிப்போனால் என்ன நடக்கும்? குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், வயலோ காயும். சீனி வருத்தமும் இதுதான். இரத்தத்தில் சீனி நிறைந்து கிடக்கிறது, உடம்பின் கலங்களுக்குள் போகவில்லை. போகவிடுகிற துருசுதான் இன்சுலின். ஒன்று, அது போதுமான அளவு சுரப்பதில்லை. அல்லது சுரந்தும் உடம்பு அதற்கு மசிவதில்லை. அதனால்தான் சீனி கூடினவருக்குச் சாப்பிட்ட பிறகும் களைப்பு. குளம் நிறைய, வயல் பட்டினி.

குளம் நிறைந்தால் வான் பாயும். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை, சிறுநீரில் வழியவிடுகிறது. சீனி போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இரவில் நாலைந்து தரம் எழும்புவதும், நா வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதும் இதனால்தான். வான் பாயத் தொடங்கிய பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதற்கு முன்னரே குளத்தின் மட்டத்தைப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு தரம் பார்த்தும் அப்படியே இருந்தால் அது சீனி வருத்தம். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் மட்டம் ஏறிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

இனி "மாறிட்டுதோ" என்ற கேள்விக்கு வருவோம். குளத்தை ஒருதரம் திருத்திவிட்டு "இனிப் பராமரிப்புத் தேவையில்லை" என்று யாராவது சொல்வார்களா? ஒவ்வொரு போகத்துக்கும் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் வைக்கிறார்கள். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு திறப்பது என்று முடிவெடுக்கிறார்கள். போன வருடம் நன்றாக நடந்தது என்பதற்காக இந்த வருடக் கூட்டத்தை யாரும் விடுவதில்லை. உம்மாவின் கிளினிக் கொப்பியும் அப்படித்தான். ரிப்போர்ட் நன்றாக வருவது குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேலை செய்வதற்கு அடையாளம். அவற்றை நிப்பாட்டலாம் என்பதற்கு அடையாளம் அல்ல.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வருத்தம் வந்த ஆரம்ப வருடங்களில் எடையை நன்றாகக் குறைக்கிற சிலருக்கு, மருந்தில்லாமலே சீனி சாதாரண அளவில் நிற்பதுண்டு. அதுவும் வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அவர்களும் தொடர்ந்து பரிசோதிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது திரும்பி வரக்கூடியது.

பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி இருபது வருடம் ஒரு ஆய்வு நடந்தது. புதிதாகச் சீனி வருத்தம் கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர் அதில் சேர்ந்தார்கள். 1998இல் முடிவு வந்தது. எச்பிஏ1சி என்று ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது. கவனமாகக் கட்டுப்படுத்திய பக்கத்தில் அது 7.0. வழமையான சிகிச்சைப் பக்கத்தில் 7.9. வித்தியாசம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சின்ன இரத்தக் குழாய்ச் சிக்கல்கள் 25 வீதம் குறைந்திருந்தன. ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த நன்மை தொடர்ந்தது. ஒரு நாள் சீனி ஏறினால் உலகம் முடிவதில்லை, ஒரு நாள் இறங்கினால் வெற்றியும் இல்லை. வருடக்கணக்கில் சராசரி எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு.

அந்தச் சராசரியைத் தனி ஆளாக யாராலும் காக்க முடியாது. எங்கள் வீட்டில் உம்மாவுக்கென்று தனிச் சட்டி இல்லை. எல்லோருக்கும் ஒரே சோறு. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ. பொன்னாங்காணியும் வல்லாரையும் முருங்கையிலையும் இங்கே கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கின்றன. சிவப்பரிசிச் சோறு நல்லதுதான். ஆனால் சிவப்பரிசி என்று இரண்டு கோப்பை சாப்பிட்டால் அதுவும் சீனிதான். குரக்கன் பிட்டும் அப்படியே. "குரக்கன் எவ்வளவும் சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் மெஷினில் ஒருதரம் பாருங்கள். எந்தச் சாப்பாடு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று அது சொல்லிவிடும்.

சோற்றைவிடக் கஷ்டமானது தேத்தண்ணி. வன்னியில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் வரமுடியாது. அந்தத் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போடுவதுதான் மரியாதை. உம்மா கலியாண வீடு, மௌத்து வீடு, பிள்ளை பிறந்த வீடு என்று ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போகிற ஆள். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் நாலு வீட்டில் பன்னிரண்டு கரண்டி. "சீனி போடாமத் தாங்க" என்று சொல்ல உம்மாவுக்கு ஆரம்பத்தில் கூச்சம். வருத்தக்காரி என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். கடைசியில் ஒரு வழி பிறந்தது. போகிற இடமெல்லாம் நாங்கள் எல்லோருமே சீனி இல்லாமல் கேட்கத் தொடங்கினோம். ஒரு வீட்டிலிருந்து போன ஐந்து பேரும் சீனி இல்லாமல் குடித்தால் அதில் யார் நோயாளி என்று யாருக்கும் தெரியாது. இப்போது பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் கண்டதும் சீனிப் போத்தலை உள்ளே வைத்துவிட்டுத்தான் கேத்திலை அடுப்பில் வைக்கிறா.

பிள்ளைகளுக்கும் ஒரு பழக்கம். 2016 ஆகஸ்ட் முதல் எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனி அளவைக் காட்டும் அடையாளம் போடுகிறார்கள். கடையில் போத்தலைத் தூக்கினால் முதலில் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சிவப்பு என்றால் திரும்ப வைத்துவிட வேண்டும். நாட்டு நிலைமை அப்படி. 2005, 2006 காலத்தில் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருந்தது, அவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. பிறகு 2018 தொடக்கம் நடந்த இன்னொரு ஆய்வில் அது ஏறத்தாழ 23 வீதம்.

அடுத்தது கால். இது வயல் செய்கிற ஊர், அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம். சீனி பல வருடம் கூடிக் கிடந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, வெயிலில் கொதிக்கிற தாரில் நடந்தாலும் தெரியாது. மேலே சொன்ன ஐயாவுக்கு வரம்பில் ஏதோ குத்தியிருக்கிறது. வலிக்கவில்லை. வலிக்காததால் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து மகள்தான் மணத்தை வைத்துக் கண்டுபிடித்தவ. "நோகேல்ல பிள்ளை, நோகாத காயத்தை ஆர் பாப்பினம்" என்று ஐயா எங்களிடம் சொன்னார். நோகாத காயம்தான் ஆபத்தான காயம்.

எங்கள் வீட்டில் இஷா தொழுத பிறகு உம்மாவின் காலைப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. மூத்தவன் டோர்ச் பிடிப்பான், சின்னவள் ஒவ்வொரு விரல் இடுக்காக எட்டிப் பார்ப்பாள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், நகம் உள்ளே வளர்வது, எது இருந்தாலும் சொல்லவேண்டும். உம்மாவுக்குக் கூச்சம், சிரிப்பு எல்லாம். ஆனால் காலை நீட்டிவிடுவா. வுழூவுக்குக் கால் கழுவுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கழுவிய பிறகு விரல் இடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவையுங்கள். ஈரம் நின்றால் அந்த இடம் வெடிக்கும். வயலுக்கு இறங்குகிறவர்கள் கரைக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருதரம் கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். இவையும் கால் மாதிரித்தான், கெட்டுப்போகும்போது நோகாது.

இங்கே வாழ்கிற எங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. மருந்து கிடைக்காத காலம் திரும்ப வந்தால்?

1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குச் சீனி இருக்கவில்லை. ஆனால் அந்தச் சனத்துக்குள்ளும் சீனி வருத்தக்காரர்கள் இருந்திருப்பார்கள்தானே என்று உம்மா இப்போது நினைத்துப் பார்ப்பா. பக்கத்து வீட்டு அக்காவின் தமையனுக்கு இன்சுலின். 2008இன் கடைசியில் கிளிநொச்சிச் சனம் கிழக்குப் பக்கமாக இடம்பெயரத் தொடங்கியபோது அவர் இரண்டு போத்தலை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாராம். 2009 பங்குனி வரைக்கும்தான் அவரால் தாங்க முடிந்தது. "ஷெல் பட்டு இல்லை ரீச்சர், மருந்தில்லாமல்தான்" என்று அக்கா சொன்ன அன்று எங்களுக்கு அதன்பிறகு பேச்சு வரவில்லை. போரில் செத்தவர்களின் கணக்கில் இப்படிப்பட்டவர்களை யார் எழுதினார்கள்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஷாங்காய் நகரில் அகதியாக இருந்த ஈவா சாக்ஸல் என்ற பெண்ணுக்கும் இதே நிலைதான். ஜப்பானியர் நகரைப் பிடித்த பிறகு இன்சுலின் கிடைக்கவில்லை. அவரும் கணவர் விக்டரும் ஒரு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எருமையின் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். முதலில் முயல்களில் சோதித்தார்கள். பிறகு ஈவா தனக்கே போட்டுப் பார்த்தார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். இதை உம்மாவுக்குச் சொன்னபோது, "எரும எங்கட ஊர்லயும் நிறையக் கிடந்திச்சே, ஒரு புத்தகம் இருந்திச்சில்ல" என்றா.

எங்களால் எருமையிலிருந்து இன்சுலின் எடுக்க முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான் கதவுகள் திறக்கப்பட்டபோதும், 2022இல் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வந்தபோதும் எங்களுக்குக் கைகொடுத்தது கதவுக்குப் பின்னால் தொங்குகிற ஒரு பை. அதில் இரண்டு கிழமைக்கான குளிசையும் இன்சுலினும் ஊசியும், சீனி பார்க்கிற மெஷினும், கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதியும், ஒரு சின்னப் போத்தல் சீனியும் இருக்கும். இன்சுலின் மட்டும் குளிர்சாதனப் பெட்டியில், கடைசி நிமிடத்தில் பைக்குள் போகும். புது மருந்து வந்தால் பழையதை எடுத்துப் பாவித்துவிட்டுப் புதியதைப் பையில் வைப்போம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் கவனியுங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கச் சொல்வார்கள். உறையவிடவே கூடாது, உறைந்தால் எறிய வேண்டியதுதான். பாவனையில் உள்ளதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நாலு கிழமை வைத்திருக்கலாம். கென்யாவின் டடாப் அகதிமுகாமின் வெக்கையை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்திலும் நாலு கிழமை இன்சுலின் பழுதாகவில்லை என்று கண்டார்கள். ஒரு பெரிய மண்சட்டிக்குள் மணல் போட்டு ஈரமாக்கி, அதற்குள் சின்ன மண்முட்டியை வைத்து, இன்சுலினைப் பொலித்தீன் பையில் கட்டி முட்டிக்குள் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நிழலில் இருக்கட்டும். எங்கள் மூத்தவர்கள் தண்ணீர் குளிரவைத்த அதே வேலைதான்.

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்சுலின் தொடங்கிய பிறகு, இனி நோன்பு பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். உம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "ஏழு வயசுல இருந்து புடிக்கிற நோன்பு, இப்ப ஏலாதெண்டா நான் எதுக்கு" என்று அழுதா. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான், அதை ஏற்பதும் வணக்கம்தான் என்று மௌலவி வந்து பக்குவமாகச் சொன்ன பிறகுதான் மனம் ஆறினா. இப்போது உம்மா பித்யா கொடுக்கிறா. சஹருக்கு எங்களை எழுப்புவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் உம்மாதான். அந்த மாதத்தில் வீட்டின் தலைவி அவதான்.

நோன்பு பிடிக்கலாம் என்று வைத்தியர் சொன்ன சீனி வருத்தக்காரர்களுக்கு: ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னரே போய் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய அளவை அப்படியே போடக்கூடாது. 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரர்களுக்கு ரமழானில் சீனி கடுமையாக இறங்குவது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. நோன்போடு விரலில் குத்திச் சீனி பார்க்கலாம், அதனால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பைத் துறந்துவிடுங்கள். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். துறந்த பிறகு ஒன்றிரண்டு பேரீச்சம்பழம் போதும். சமூசா, கட்லெட், சர்பத் என்று ஒரேயடியாக நிரப்பவேண்டாம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். எங்கள் வகுப்பில் இன்சுலின் போடுகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. முதல் வகைச் சீனி வருத்தம். இனிப்புத் தின்று வந்ததல்ல, தாய் தகப்பனின் குற்றமும் அல்ல. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரைக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகள் நீண்ட நாள் வாழ்ந்ததில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். இன்றைக்கு ஒழுங்காக இன்சுலின் கிடைக்கிற பிள்ளை படித்து, வேலை பார்த்து, பேரப்பிள்ளை காணலாம்.

அந்தப் பிள்ளை பாட நேரத்தில் கழிவறைக்குப் போகக் கேட்டால் மறிக்காதீர்கள். இடைவேளைக்கு முன்னர் பிஸ்கட் எடுத்தால் ஏசாதீர்கள். முகம் வியர்த்து, கை நடுங்கி, கணக்குத் தடுமாறினால் அது கவனக்குறைவு அல்ல, சீனி இறங்குகிறது. மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எங்கள் வகுப்பு அலுமாரியில் வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் சீனி இருக்கிறது. அது எதற்கென்று வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை யாரும் களவாகத் தின்பதும் இல்லை.

முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள், குடும்பத்தில் சீனி உள்ளவர்கள், பிள்ளைப்பேற்றின்போது சீனி வந்த தாய்மார், எல்லோரும் ஒருதரம் வெறும் வயிற்றில் பார்த்துவிடுங்கள். அரச வைத்தியசாலைகளிலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களிலும் காசில்லாமல் பார்ப்பார்கள். குளிசையைக் குறைக்கவோ நிப்பாட்டவோ விருப்பம் வந்தால், கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய்க் கேளுங்கள். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் இன்று இரவே அவர்களின் காலை ஒருதரம் பாருங்கள். கூச்சப்படுவார்கள். பரவாயில்லை, பாருங்கள்.

நோயோடு இருக்கிற எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தரட்டும். உம்மாவுக்காகவும் துஆ செய்யுங்கள். அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை.